ஊட்டியா, கன்னியாகுமரியா, தனுஷ்கோடியா: ஒரே டிரைவர், ஒரு பிள்ளை, மே மாதம்

மே மாதம் ஒரு வாரம் லீவு சொல்லியாகிவிட்டது. வண்டி சர்வீஸும் முடிந்தது. போகப்போவது இரண்டே பேர்: நானும், ஆறாம் வகுப்புக்குப் போகவிருக்கும் என் மகனும். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, இருந்திருந்தாலும் இந்தத் தடவை அம்மாவும் பையனும் மட்டும் என்றுதான் பேச்சு. சென்னையில் கிளம்பி சென்னைக்கே திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் என்பதுதான் முடிவாகவில்லை.

யாரைக் கேட்டாலும் "மே மாசம்னா ஊட்டி, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்கிறார்கள். என் அக்கா மட்டும் "கன்னியாகுமரி போ, ரோடு நேரா போகும், உனக்கும் கஷ்டமில்ல" என்றாள். எனக்கு ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே இறங்கி தனுஷ்கோடி வரைக்கும் போகவேண்டும் என்று ஆசை. சரி, மூன்றையும் எடுத்து வைத்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு, அதாவது ஓட்ட ஒரே ஆளும் பின்சீட்டில் ஒரு பிள்ளையும் என்ற கணக்கில் கிளம்புகிறவர்களுக்கு, இது உதவும். நான்கு பேர் போகிற குடும்பத்துக்குக் கணக்கே வேறு.

ஏன் வேறு என்றால், நான்கு பேர் போகும்போது முன்சீட்டில் இருப்பவர் செய்கிற வேலைகளை நாம் கவனிப்பதே இல்லை. தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, போனில் வழி பார்ப்பது, வாந்தி வருகிறது என்றதும் பையை நீட்டுவது, "இன்னும் எவ்வளவு தூரம்" என்ற கேள்விக்கு இருபதாவது முறையும் பொறுமையாகப் பதில் சொல்வது எல்லாம் அவர் வேலை. இரண்டு பேர் மட்டும் போகும்போது அந்த சீட் காலி. பத்து வயசுப் பையனை முன்னால் உட்கார வைக்கலாமே என்பார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. ஏர்பேக் பெரியவர்கள் உடம்புக்கென்று செய்தது, சின்னப் பிள்ளைகளுக்குப் பின்சீட்தான் பாதுகாப்பு. பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டாக வேண்டும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆகவே அவனுக்கு எது வேண்டுமானாலும் நான் வண்டியை ஓரங்கட்டித்தான் ஆகவேண்டும். அதனால் ஒரு சாலையைப் பற்றி நான் கேட்கிற முதல் கேள்வி, நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா என்பது.

இரண்டாவது, வெயில். மே 4 முதல் 28 வரை கத்திரி. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பதினொரு மணிக்குள் எங்காவது நிழலில் அடங்கிவிட வேண்டும். நடுவில் டிபனுக்கும் வேடிக்கைக்கும் நேரம் விட்டால் ஒரு நாளைக்கு 200, 250 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஒரே மூச்சில் 500 ஓட்டுகிற சூரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பின்சீட்டில் யாரும் "போர் அடிக்குது" என்று சொல்வதில்லை போலிருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டே பேச முடியுமா? வீட்டில் நேருக்கு நேர் உட்கார வைத்து "ஸ்கூல்ல என்னடா நடந்துச்சு" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று ஒரே வார்த்தைதான் வரும். அதே பையன் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது, என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அரை மணி நேரம் தானாகப் பேசுவான். ஒரு வாரம் இவனோடு தனியாகப் போவதே அதற்காகத்தான்.

ஊட்டி

குளிர்ச்சியில் ஊட்டியோடு போட்டி போட மற்ற இரண்டாலும் முடியாது. 2,240 மீட்டர் உயரம், சென்னை 40 டிகிரியில் வேகும்போது அங்கே மதியத்துக்கு இருபத்துச் சொச்சம்தான். மே மாதம் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி வேறு. பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையை வெளியே ஓடவிட முடிகிற ஒரே இடம் இந்த மூன்றில் இதுதான். ஒரே இடத்தில் நாலு நாள் தங்கிவிடலாம், தினமும் பெட்டி கட்ட வேண்டாம்.

ஆனால் போய்ச் சேர வேண்டுமே. சென்னையிலிருந்து 550 கிலோமீட்டர், என் கணக்கை மீறி ஓட்டினாலும் சேலத்திலோ அவிநாசியிலோ ஒரு ராத்திரி தங்கித்தான் போக முடியும். அதற்கு முன்னால் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அடுத்த வருடமே ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதனால் ரூமை புக் செய்துவிட்டு பாஸ் தேடாதீர்கள், பாஸ் கிடைக்கிற தேதியைப் பார்த்துவிட்டு ரூமைப் பாருங்கள். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பாட்டில் மலையில் ஏறக்கூடாது, சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். இதில் எனக்கு வருத்தமே இல்லை, நல்ல காரியம்.

என் பிரச்சினை மேட்டுப்பாளையத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. குன்னூர் வழியாக ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவு. சீசனில் வழக்கமாக ஏறுவதற்கு குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள் என்பதால் கூட்டம் குறைந்த கோத்தகிரிப் பாதையில் ஏறிவிடலாம் என்ற சாமர்த்தியமும் மே மாதம் செல்லாது. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு வேன், ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர், கால் முழுக்க கிளட்ச் மேல். இதில் பின்சீட்டிலிருந்து "அம்மா, ஒரு மாதிரி இருக்கு" என்று குரல் வந்தால் நிறுத்த இடம் இருக்காது. என் மகன் ஏலகிரி வளைவுகளுக்கே முகம் வெளுக்கிறவன். வெறும் வயிறாகவும் இல்லாமல் நிறையச் சாப்பிடவும் விடாமல், போனைப் பிடுங்கி வைத்து, தூரத்தில் ரோட்டைப் பார் என்று சொல்லி, டாக்டர் எழுதித் தந்த மாத்திரையையும் கொடுத்தால் சமாளித்துவிடலாம்தான். ஆனால் மாத்திரை போட்டால் தூங்கிவிடுவான். நான் வளைவில் ஹாரன் அடித்தபடி வாயைத் திறக்காமல் ஓட்டிக்கொண்டிருப்பேன். மலைப்பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரிவது முன்னால் போகிற பஸ்ஸின் பின்கண்ணாடிதான்.

கொடைக்கானலுக்கும் இதே கதைதான், பாஸ் இன்னும் குறைவு. கொல்லிமலை 70 வளைவு, எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. வால்பாறை 40 வளைவு, மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் நான் முதலில் கிளம்புகிற இடம் அதுதான், ஆனால் இந்தத் தடவை இல்லை. மலைதான் வேண்டும், நாளும் குறைவு என்றால் ஏற்காடு பாருங்கள். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 வளைவு, ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஊட்டி அளவுக்குக் குளிராது, சாயங்காலம் நன்றாக இருக்கும்.

கன்னியாகுமரி

அக்கா சொன்னது உண்மைதான், ரோடு நேராகப் போகிறது. திருச்சி, மதுரை, நெல்லை என்று 700 கிலோமீட்டரும் நான்கு வழிச்சாலை, நிறுத்தப் பெட்ரோல் பங்க்குகள், ஓரளவு சுத்தமான கழிப்பறைகள். பெண் ஒருத்தி பிள்ளையோடு தனியாக ஓட்டிக்கொண்டு போக இதைவிட நிம்மதியான சாலை தமிழ்நாட்டில் இல்லை என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் எல்லா ஊரையும் புறவழிச்சாலை சுற்றிக்கொண்டு போகிறது. மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய் எல்லாம் இப்போது புவிசார் குறியீடு வாங்கிய பண்டங்கள், சாலையில் போகிறவருக்கோ அவை பெயர்ப்பலகைகள்தான், வேண்டுமென்று உள்ளே திரும்பினால்தான் உண்டு. பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்க்க நடுவில் அரளிச்செடியும் இரண்டு பக்கமும் கருவேலமும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் வரும்போதுதான் நிமிர்ந்து உட்காருவான், அதற்குள் 650 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மதுரையில் ஒரு நாள் நின்று கீழடி அருங்காட்சியகத்தைக் காட்டலாம், 2023இல் திறந்தது, இந்த வயசுப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கிறது. முனையில் விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய ஈர்ப்பு. படகு வரிசையில் மே மாத வெயிலில் நிற்கிற தெம்பு வேண்டும். குற்றாலத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார், அங்கே சீசன் ஜூனில்தான் பிறக்கும், மே மாதம் பாறையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

போக 700, வர 700. என் கணக்கில் ஓட்டினால் ஒரு வாரத்தில் ஆறு நாள் ஓட்டுவதிலேயே போய்விடும். பத்து நாள் இருந்தால் நான் இதற்கும் மதிப்பெண் கூட்டிப் போட்டிருப்பேன்.

கடற்கரை வழி

இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயில் மட்டுமில்லை, புழுக்கம். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் தெரியாது, அவ்வளவு ஈரம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சாலை பெரும்பாலும் இருவழிதான், ஆடு, விளக்கில்லாத சைக்கிள், நடுவில் ஏறி வருகிற பஸ், எல்லாம் உண்டு, இருட்டிய பிறகு அந்தப் பக்கம் நான் ஓட்ட மாட்டேன். நல்ல கழிப்பறைக்கு நாகை, வேதாரண்யம், ராமநாதபுரம் என்று ஊர் பார்த்து நிறுத்த வேண்டும். இன்னொரு விஷயம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குள் போகாது, நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரம் பிடிப்பது மட்டும்தான். கடற்கரையோரம் போகிறோம், மூன்று வேளையும் மீன் என்று கனவு கண்டால் விலையைக் கேட்டதும் கலைந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், எழுபது எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிப் பார்க்க ஒன்று இருக்கிறது, அதுவும் ஒவ்வொன்றும் ஒரு ரகம். எந்த இடத்திலும் டிராஃபிக்கில் மாட்டி முழிக்க வேண்டாம், நினைத்தால் நிறுத்தலாம். பேச்சுக்கான விஷயத்தைச் சாலையே எடுத்துக் கொடுக்கிறது.

எப்படியென்றால், முதல் நாள் மகாபலிபுரம் தாண்டி புதுச்சேரி, 150 கிலோமீட்டர்தான். சனி ஞாயிறில் ஈசிஆரில் ரேஸ் விடுகிற கூட்டம், குடித்துவிட்டு ஓட்டுகிற கூட்டம், எதிலும் சேரக்கூடாது, வார நாளில் கிளம்புங்கள். அதிலும் திங்கட்கிழமை வேண்டாம், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அன்று விடுமுறை. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது, பத்து வயசுக்காரனை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். மகாபலிபுரத்தில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் பத்து மணிக்கு மேல் பாறையில் கை வைக்க முடியாது, காலையில் முதலில் சிற்பங்கள், அப்புறம் வடக்கே கொஞ்சம் திரும்பி வந்தாலும் பரவாயில்லை முதலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலைகளுக்கு வெயில் பிடிக்கும், நமக்குத்தான் ஆகாது, அங்கே மரநிழலாவது இருக்கிறது.

இரண்டாம் நாள் சிதம்பரம் பக்கம் பிச்சாவரம். அலையாத்திக் காட்டுக்குள் படகு, காலையில் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. துடுப்புப் படகே கேளுங்கள், மோட்டார் படகு சின்னக் கால்வாய்களுக்குள் போகாது. மதியத்துக்குமேல் தரங்கம்பாடி. இந்த ஊரை அவசரமாகக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். 1620இல் டென்மார்க்காரர்கள் வந்து கடலை ஒட்டிக் கட்டிய கோட்டை, 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் தமிழ் கற்றுக்கொண்டு, அச்சுக்கூடம் வைத்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்துவிட்டார். மணலில் விரலால் எழுதி எழுதித் தமிழ் எழுத்து படித்தார் என்று சொல்வார்கள். தமிழ்ப் பரீட்சைக்குப் புலம்புகிற பையனிடம் இதைச் சொல்ல நல்ல இடம் வேறு எது?

மூன்றாம் நாள் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். 2004 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிகம் பேரை இழந்தது நாகைதான். பிள்ளை கேட்பான். இவன் பிறப்பதற்குப் பத்து வருடத்துக்கும் முன்னால் நடந்தது, இவனுக்கு அது பாடப்புத்தகத்தில் வருகிற செய்தி, எனக்கு நேற்று நடந்ததுபோல. டிவியில் பார்த்ததை எப்படிச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் சொல்வதானால் அந்தக் கரையில் நின்றுதான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. தங்க வேளாங்கண்ணி வசதி, எல்லா விலையிலும் ரூம் இருக்கிறது, குடும்பங்கள் வந்துபோகிற ஊர் என்பதால் தனியாகப் போகிற பெண்ணுக்கும் பயமில்லை. அங்கிருந்து தெற்கே வேதாரண்யம். ராஜாஜி 1930இல் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த இடம். மே மாதம் உப்பு வாருகிற காலம் என்பதால் பாத்திகளும் குவித்து வைத்த உப்பும் கண்ணைக் கூசும், கூலிங்கிளாஸ் கட்டாயம். ஊட்டிக்காரர்களுக்கு மலர்க் கண்காட்சி, எங்களுக்கு உப்பளம். வெயில் காலத்தில் போனால்தான் பார்க்க முடிகிற காட்சி இது ஒன்றாவது இருக்கிறதே. பக்கத்திலேயே கோடியக்கரையில் வெளிமான்கள். பறவைகளுக்காகப் போகிறவர்கள் மழைக்காலம் முடிகிற நேரத்தில் போக வேண்டும், மே மாதம் பறவை கிடையாது, சரணாலயம் திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

போகும் வழியில் நாலாம் நாள்தான் நீளம், ராமேஸ்வரம் வரை 240, 250 வரும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பகுதி வழியாகத்தான் போகிறோம், தென்னந்தோப்புகளில் மரங்கள் ஏன் இத்தனை இளசாக இருக்கின்றன என்பதற்குப் பதில் அதுதான். நடுவில் சேதுபாவாசத்திரம் பக்கம் மனோரா, நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட தஞ்சாவூர் சரபோஜி மன்னர் கடலோரம் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். நெப்போலியனுக்கும் பட்டுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு புதிர் போட்டுவிட்டு ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். இன்னொரு விளையாட்டும் இருக்கிறது: மைல்கல் நிறம். மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. இந்த வழியில் ஊருக்குள் இறங்கி ஏறுவதால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். திருச்சி போகிற ஜிஎஸ்டி ரோட்டில் காலை முதல் இரவு வரை மஞ்சள்தான், இரண்டாவது கல்லிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

பாம்பனில் சாலைப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்காக நாமும் பிள்ளையை இறக்கிவிட முடியாது. கீழே கரையில் நின்றே 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய செங்குத்துத் தூக்கு ரயில் பாலத்தைப் பார்க்கலாம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் இரண்டாகப் பிளந்து திறந்தது, புதியதில் நடுத்துண்டு லிப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். மெக்கானிக்கல் பைத்தியம் பிடித்த பிள்ளையாக இருந்தால் இந்த ஒன்றுக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊரே போனது, ராத்திரி வந்துகொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. இன்று இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவரும்தான் மிச்சம். 2017இலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது, இரண்டு பக்கமும் கடல், சாதாரணக் காரிலேயே போகலாம். நிழல் என்று ஒன்றுமே கிடையாது என்பதால் எட்டரை மணிக்குள் திரும்பிவிடுங்கள். முனையில் தண்ணீரில் இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம். சாயங்காலம் போனால் இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். வெயில் ஏறியதும் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், கட்டடத்துக்குள்ளே என்பதால் மதியத்துக்கு ஏற்றது.

திரும்பும்போது அதே வழியில் வரவேண்டாம். காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி 230 கிலோமீட்டர், வழியில் திருமயம் கோட்டை ரோட்டோரத்திலேயே நிற்கிறது, மேலே பீரங்கி இருக்கிறது. மறுநாள் திருச்சியிலிருந்து சென்னை 330, நான் வைத்த 250 கணக்கை மீறுகிற ஒரே நாள். வீடு திரும்புகிற நாளில் பிள்ளை தூங்கிக்கொண்டுதான் வருவான், அந்த நேரான ரோடு அப்போது கைகொடுக்கும்.

பணம்

பெட்ரோலில் பெரிய வித்தியாசம் வராது. ஊட்டிக்கும் தனுஷ்கோடிக்கும் உள்ளூர்ச் சுற்றலோடு சேர்த்து 1,250, 1,300 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டிக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். கன்னியாகுமரிக்குப் பத்தாயிரம். வித்தியாசம் ரூமில்தான். மே மாத ஊட்டியில் வாடகை சீசன் வாடகை, கடற்கரையில் அது கோடைக்கு இறங்கியிருக்கும், புதுச்சேரி வார இறுதியைத் தவிர. ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும் செல்லும். சென்னையை விட்டு வெளியேறும் ஈசிஆர் சாவடி மாநிலத்துடையது, அங்கே தனியாகத்தான் கட்ட வேண்டும்.

ரயிலில் போய் அங்கே கார் எடுத்தால்?

மலைமேல் உயிரை வைத்திருக்கிற பிள்ளைக்கு இதுதான் சரி, எங்கள் வீட்டில் இது இரண்டாம் இடம். சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், அங்கேயே மலை ரயில். 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை, தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறுகிறது, குன்னூர் வரை நீராவி எஞ்சின். ஓட்ட வேண்டிய கவலை இல்லாததால் நானும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், பேசுவேன். ரயிலில் வருகிறவர்களுக்கு மேலே பஸ்ஸும் உள்ளூர் டாக்ஸியும் போதும், இ-பாஸ் தலைவலியும் இல்லை. டிக்கெட்தான் கிடைக்காது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, மே மாத மலை ரயிலுக்கு அன்று காலையிலேயே உட்கார வேண்டும். 5 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எக்ஸ்பிரஸ் ரயிலில் தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது

கடற்கரை வழி. பையனிடம் மூன்றையும் சொல்லிக் கேட்டேன். "முதலை இருக்கிற ரூட்" என்றான், அவன் கணக்கு அவனுக்கு.

உங்கள் பிள்ளைக்கு ஆறு வயசுக்குள் என்றால் இந்த மூன்றுமே வேண்டாம், புதுச்சேரியோ ஏற்காடோ போய் ஒரே ரூமில் மூன்று நாள் இருந்துவிட்டு வாருங்கள். பதின்மூன்று பதினாலு என்றால் கன்னியாகுமரியும் நடக்கும், அந்த வயசில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரமும் உட்காருவார்கள், பேசுவார்களா என்பது வேறு விஷயம். வெயில் சுத்தமாக ஒத்துக்கொள்ளாத பிள்ளை, வியர்க்குரு, மூக்கில் ரத்தம் வருகிற பிள்ளை என்றால் நான் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு ரயிலில் ஊட்டி போங்கள், கடற்கரையை டிசம்பர் லீவில் பார்த்துக்கொள்ளலாம், மழையைப் பார்த்துக்கொண்டு.

நாங்கள் செவ்வாய்க்கிழமை காலை கிளம்புகிறோம். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் இரண்டு ரூமும் போட்டாயிற்று, தரங்கம்பாடியில் மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் காரைக்கால் பதினைந்து கிலோமீட்டர்தான்.